சிப்பாயின் உயரம்

கட்டப்போகும் ஆஸ்பத்திரியின் அட்டை மாடல் வாசலில் நிறுத்திவைக்கக் குட்டி மனிதர்கள் வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் சொல்லியிருந்தார். அதைத் தேடித்தான் அலர்மேல்மங்கை பிரவுசிங் சென்டருக்குப் போனாள். போனவள் ஒரு மணி நேரம் கழித்து வேறு எதையோ கண்டுவிட்ட முகத்தோடு திரும்பி வந்தாள்.

எங்கோ இங்கிலாந்தில் பெரிய ஆட்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட, மேசைமேல் கிரகங்களைச் செய்து, அதில் விரல் உயரச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துகிறார்களாம். கவசம் போட்ட சிப்பாய்கள், ஆறு காலில் நடக்கும் பீரங்கிகள், வேற்றுக்கிரகத்துப் பிராணிகள். இதையெல்லாம் பக்கத்து மேசையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்த பாண்டிமீனாவிடம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

இருவருக்கும் அந்த ஆபீசில் மாடல் செய்வதுதான் வேலை. அலர்மேல்மங்கைக்கு வயது முப்பத்தைந்து. வில்லாபுரத்தில் சொந்த வீடு. கணவர் சந்தானம் சேலை வியாபாரத்துக்காக மாதத்தில் பாதி நாள் சூரத்தில் இருப்பார். குழந்தை இல்லை. சும்மா உட்காரத் தெரியாத பெண். ரேடியோவைப் பிரித்துப் பார்ப்பாள், ஜப்பான் மொழி படிக்க ஆரம்பிப்பாள், பாதியில் விடுவாள். பாண்டிமீனா பத்து வயது இளையவள். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா முனியாயி முன்பு பிறத்தியார் வயலில் நடவு நட்டவள், இப்போது சொந்தமாக ஒரு துண்டு நிலம் பார்க்கிறாள். தம்பி மருது ராணுவத்தில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பாலிடெக்னிக் முடித்த பாண்டிமீனா தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து போனாள்.

சனிக்கிழமைகளில் ஆபீஸ் அரை நாள். அந்த மத்தியானங்களில் வில்லாபுரம் வீட்டு மாடியில், சேலைக் கட்டுகள் அடுக்கிய அறையில், இரண்டு பேரும் தங்கள் கிரகத்தைச் செய்ய ஆரம்பித்தார்கள். பழைய கதவு ஒன்றை இரண்டு மர ஸ்டூல்மேல் போட்டதும் ஆறடி மேசை ஆயிற்று. பாண்டிமீனா தெர்மோகோலில் குன்றுகள் வெட்டினாள். பாதி அறுத்தெடுத்த குன்றுகள், அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள். வேறு கிரகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவளுக்கு மேலூர்க் கல்குவாரிதான் கைக்கு வந்தது.

சிப்பாயின் உயரம் என்ன என்பதில்தான் முதல் சண்டை. இருபத்தெட்டு மில்லிமீட்டர் வேண்டும் என்றாள் அலர்மேல்மங்கை. அந்த அளவில்தான் முகம் வரையலாம், கவசத்தில் நிழல் தீட்டலாம். பாண்டிமீனா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருபத்தெட்டு என்றால் ஆளை ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறது. அப்படியானால் இந்த மேசை முழுவதும் சேர்ந்தே நூறு மீட்டர் சொச்சம்தான். ஒரு தெரு.

"துப்பாக்கி முந்நூறு மீட்டர் சுடும்க்கா. குண்டு மேசையத் தாண்டி, மாடிப்படி இறங்கி, அவனியாபுரம் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிரும்," என்றாள்.

அவளுக்கு வேண்டியது ஆறு மில்லிமீட்டர். அதில் ஒரு சமவெளியே மேசைக்குள் அடங்கும். படை என்றால் படை மாதிரி இருக்கும். அலர்மேல்மங்கை முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். குண்டூசித் தலைகளையும் தீக்குச்சித் துண்டுகளையும் வைத்து ஆட்களைச் செய்தார்கள். ஓர் அட்டைத் துண்டில் பத்துப் பேரை ஒட்டினார்கள். கார்த்திகை முடிவதற்குள் இரண்டு பக்கமும் படை நிறைந்துவிட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் எறும்புச் சாரை போல இருந்தது. பாண்டிமீனா கையைத் தட்டிக்கொண்டாள்.

அந்த டிசம்பரில் டெல்லியில் பார்லிமெண்ட் தாக்கப்பட்டது. பொங்கலுக்கு லீவில் வருவதாக இருந்த மருது, லீவை ரத்து செய்துவிட்டார்கள் என்று ஊர் மளிகைக்கடைப் போனில் சொன்னான். அடுத்த முறை பேசியபோது ராஜஸ்தானில், எல்லைக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தான். எந்த இடம் என்று சொல்லக்கூடாதாம். மணலாக இருக்கிறது, ராத்திரி குளிர் எலும்பில் ஏறுகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அம்புட்டுத்தான் பேச முடிந்தது.

அதற்குப் பிறகு பாண்டிமீனாவால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஆபீசில் கத்தி கையில் இருக்கும்போதே எழுந்துபோய் டீக்கடை டிவியில் செய்தி பார்த்துவிட்டு வருவாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் உட்கார இடம் காலியாக இருக்கும் பஸ்ஸை விட்டுவிட்டு, முதலில் கிளம்புகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மளிகைக்கடைக்கும் வீட்டுக்கும் நடப்பாள். போன் வந்த வாரமும் அப்படித்தான், வராத வாரமும் அப்படித்தான்.

மாசி மாதத்தில் முதல் ஆட்டம் வைத்தார்கள். அலர்மேல்மங்கையின் பீரங்கி சுட்டது. பகடையில் ஆறு விழுந்தது. விதிப்படி எதிர்ப்படையில் ஓர் அட்டை முழுவதும், பத்துப் பேரும், போக வேண்டும். பாண்டிமீனா அந்த அட்டையை எடுத்தாள், கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அதிலிருந்த பத்துக் குண்டூசித் தலைகளைப் பார்த்தாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே இல்லை.

"இதுல யாரு யாருன்னே தெரியலையேக்கா," என்றாள்.

ஆட்டம் அதோடு நின்றது. நாம் பெரிய அளவுக்கே போவோம், நீங்கள் சொன்னதுதான் சரி என்று அவளே சொன்னாள். அலர்மேல்மங்கைக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஏன் மனசு மாறினாள் என்று அப்போது அவள் கேட்கவில்லை.

மோட்டாரில் சுற்றும் செப்புக் கம்பியில் எலும்புக்கூடு முறுக்கி, அதன்மேல் பைப் ஒட்டும் எம்-சீலை உருட்டி அப்பி, இறுகுவதற்குள் ஊசியால் கண்ணும் மூக்கும் கீறி இருபத்தெட்டு மில்லிமீட்டர் சிப்பாய்களைச் செய்தார்கள். இரண்டு பேர் கையிலும் பாண்டிமீனா கைதான் சுத்தம். ஆளுக்கு ஆள் நிற்கும் விதத்தை மாற்றினாள். ஒருவன் காலை அகட்டி நின்றான், ஒருவன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். நாலாவதாகச் செய்தவனுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. எட்டு வயதில் புளியமரத்திலிருந்து விழுந்ததிலிருந்து மருது அப்படித்தான் நிற்பான். அவள் நினைத்துச் செய்யவில்லை. செய்து முடித்து, ஹெல்மெட்டுக்குச் சாம்பல் கலர் அடிக்கும்போதுதான் கவனித்தாள். அலர்மேல்மங்கையிடம் சொல்லவில்லை.

சித்திரைத் திருவிழா முடிந்த சனிக்கிழமை ஆடினார்கள். மாடி அறை கொதித்தது. மூன்றாவது சுற்றிலேயே தோள் இறங்கியவன் குன்றுக்குப் பின்னாலிருந்து வெளியே வர வேண்டியதாயிற்று. அலர்மேல்மங்கை ஸ்கேலை வைத்து அளந்தாள். தூரம் சரியாக இருந்தது. பகடையை உருட்டினாள். ஐந்து. சுடப்பட்ட சிப்பாயை எடுப்பதற்காகக் கையை நீட்டினாள்.

பாண்டிமீனா அதற்கு முன்னால் அவனை எடுத்துக்கொண்டாள்.

"இவன எடுக்க வேணாம்."

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்றாள் அலர்மேல்மங்கை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒருத்தனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் ஆட்டமே இல்லை என்றும், வேண்டுமானால் முதலிலிருந்து ஆடலாம் என்றும் சொன்னாள். பாண்டிமீனா சிப்பாயைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டாள், செருப்பை மாட்டினாள், இறங்கிப் போய்விட்டாள். பிறகு பல வாரம் அவள் அந்த மாடிக்கு வரவில்லை. ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, பசையைக் கொடு, கத்தியைக் கொடு என்பதற்கு மேல் பேசாமல் வேலை பார்த்தார்கள்.

வீட்டில் ஒருநாள் டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்த முனியாயி, பைக்குள் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். முகத்தைவிட நிற்கும் விதத்தைத்தான் முதலில் கண்டாள். இது மருதுல்ல என்று கேட்டாள். பாண்டிமீனா இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. அதைக் கொண்டுபோய் முருகன் படத்துக்குக் கீழே நிறுத்தி, நெற்றிக்குத் துளி திருநீறு வைத்தாள்.

வைகாசி பிறக்கும் சமயத்தில் ஜம்முவில் ராணுவக் குடியிருப்புக்குள் தீவிரவாதிகள் புகுந்து சுட்டுவிட்டார்கள். இனி யுத்தம்தான் என்று டிவியில் தினமும் பேசினார்கள். மருதுவிடமிருந்து போன் நின்றுபோயிற்று. முனியாயி காலையில் வயலுக்குப் போகும் முன் அந்தச் சிப்பாயிடம் சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்தாள். சாப்பிட்டியாய்யா என்று கேட்டாள். ஒருநாள் பல்லி தட்டிவிட்டதில் அது குப்புற விழுந்து கிடந்தது. அன்று முனியாயி சோறு பொங்கவில்லை. பாண்டிமீனா அதைத் திரும்பக் கேட்டாள், கெஞ்சினாள், கடைசியில் எம்-சீல்மா அது, பைப்பு ஒட்டுறது என்று கத்தினாள். முனியாயி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போய்விட்டாள். தான் செய்த ஒன்று தன் வீட்டுக்குள் இப்படி வந்து உட்கார்ந்துகொண்டதே என்று பாண்டிமீனாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆனி நடுவில் பதற்றம் கொஞ்சம் தணிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடைப் போன் அடித்தது. உயிரோடு இருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை, உட்கார்ந்தே இருக்கிறோம் என்றான் மருது. அடுத்த சனிக்கிழமை பாண்டிமீனா வில்லாபுரம் மாடிப்படி ஏறினாள்.

அலர்மேல்மங்கை தனியாகக் குன்றுகளுக்கு மண் ஒட்டிக்கொண்டிருந்தாள். பாண்டிமீனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியின் தோள், அம்மாவின் திருநீறு, பல்லி. கேட்டுக்கொண்டிருந்த அலர்மேல்மங்கை தன் கைப்பிசினைத் துடைத்தாள்.

"என்கிட்ட ஏன் மீனா சொல்லல? எனக்கு அவன் வெறும் பொம்மைதானே. தெரிஞ்சிருந்தா நான் அளந்திருக்கவே மாட்டேன்."

"சொல்லியிருந்தா நீங்க வேணும்னே எல்லாத்துலயும் தோப்பீங்க. அதுவும் எனக்கு ஆகாதுக்கா."

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் பாண்டிமீனா உட்கார்ந்தாள்.

மேசைமேல் இரண்டு அளவும் கிடந்தன. முகம் தெரியாத கூட்டம் ஒரு பக்கம், முகம் தெரிகிற நாலைந்து பேர் ஒரு பக்கம். இரண்டும் வேண்டாம் என்றாள் பாண்டிமீனா. அப்படியானால் ஆட்டமே வேண்டாமா என்று கேட்டாள் அலர்மேல்மங்கை. பாண்டிமீனா எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், திரும்பினாள். பிறகு, ஆஸ்பத்திரி மாடல் வாசலுக்கு நாம் ஆட்கள் செய்தோமே, அந்த உயரம் எவ்வளவு என்று கேட்டாள். நூறில் ஒரு பங்கு. சிப்பாய்க் கணக்கில் சொன்னால் பதினைந்து மில்லிமீட்டர் என்கிற அளவுக்குப் பக்கத்தில் வரும். அந்த அளவில் கண்ணும் மூக்கும் போட முடியாது. ஆனால் ஒருவன் நடக்கிறானா, நிற்கிறானா, பயந்து குனிகிறானா என்பது தெரியும். மேசையும் இருநூறு மீட்டர் அளவுக்கு விரியும்.

"ஊர்ல கண்மாய்க்கரையில நின்னு பார்த்தா அந்தக் கரையில போறவுக இம்புட்டுத்தான் தெரிவாக. மூஞ்சி தெரியாது. ஆனா ஆளுன்னு தெரியும்," என்றாள் பாண்டிமீனா.

இப்படித்தான் பதினைந்து முடிவாயிற்று. ஐப்பசி வரை அதே வேலை. யாருடைய தோளும் இறங்காமல் பார்த்துக்கொண்டாள். தவறி ஒருவன் தெரிந்தவர் சாடையில் வந்துவிட்டால் ஈரத்தோடு நசுக்கிவிட்டு மறுபடி உருட்டினாள்.

எல்லையிலிருந்து படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். தீபாவளி கழிந்து மருது லீவில் வந்தான். கறுத்து, மெலிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கத்தோடு வந்தான். வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்தான். மறுநாளிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலூருக்கும் திருவாதவூருக்கும் காரணமில்லாமல் போய்வந்தான். பத்து மாதம் பள்ளத்துக்குள் உட்கார்ந்து, வராத எதிரியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், இனிமேல் உட்காரச் சொல்லாதே என்று அக்காவிடம் சொன்னான். அவள் அவனைச் சனிக்கிழமை வில்லாபுரத்துக்குக் கூட்டிப்போனாள்.

கவச ஆட்களையும் ஆறு கால் பீரங்கியையும் பார்த்ததும் மருதுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விதிகளைக் கேட்டுக்கொண்டு ஒரு பக்கப் படையை எடுத்துக்கொண்டான். எதிரே அலர்மேல்மங்கை. முதல் சுற்றிலேயே அவன் தன் ஆட்கள் அத்தனை பேரையும் குன்றுக்குப் பின்னாலிருந்து வெட்டவெளிக்கு இறக்கினான். ஒருவனையும் பின்னால் வைக்கவில்லை. அலர்மேல்மங்கை நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றான். பகடை உருண்டது. அவன் ஆட்கள் மளமளவென்று விழுந்தார்கள். அவன் ஒவ்வொருவனாக எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டே மிச்சப்பேரை இன்னும் முன்னால் நகர்த்தினான். அவன் முகத்தில் பத்து மாதமாக இல்லாத ஓர் உற்சாகம் இருந்தது.

பாண்டிமீனாவால் பார்க்க முடியவில்லை. கீழே இறங்கிப் போனாள். அடுப்படியில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள், மறுபடி மாடிப்படி வரை வந்தாள், திரும்பினாள். இவன் ஜனவரியில் மறுபடி போகப் போகிறான். அங்கேயும் இப்படித்தான் எழுந்து ஓடுவானா? மேலேயிருந்து அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தானே மளிகைக்கடைக்கு நடையாய் நடந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

அவள் மேலே வந்தபோது அவனுக்கு ஏழு பேர் மிச்சம் இருந்தார்கள். வெட்டவெளி நடுவில், ஒதுங்க ஒரு கல்கூட இல்லாமல்.

"ஏண்டா இப்படிக் கொண்டுபோய் விடுற?"

"பொம்மைதானேக்கா. செத்தா எடுத்து வச்சுட்டு மறுபடி ஆடலாம்ல," என்றான் மருது.

"தள்ளு," என்றாள் அவள்.

அவன் இடத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். ஸ்கேலை வாங்கினாள். ஏழு பேருக்கும் குன்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அளந்தாள். அங்கே போய்ச் சேர மூன்று சுற்று ஆகும். அலர்மேல்மங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"விட்டுக்கொடுக்காதீங்க."

"மாட்டேன்," என்றாள் அலர்மேல்மங்கை.

பாண்டிமீனா முதல் ஆளைப் பின்னால் நகர்த்தினாள். மருது ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பகடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

மூன்று சுற்று முடிந்தபோது ஏழு பேரில் நாலு பேர் குன்றுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.