வறண்ட தரைக்குச் சிவப்புப் பந்து

நெருப்பெரிச்சல் ஊரிலுள்ள பனியன் கம்பெனியின் ஆண்டுவிழாவில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் போட்டியில் காசிமாயனுக்கு மிச்சம் ஒரே உருட்டுதான். பத்துக் கட்டைகளில் குறைந்தது எட்டு சாய்ந்தால் கோப்பை அவருடைய நிட்டிங் செக்‌ஷனுக்கு; இல்லாவிட்டால் ஆபீஸ்காரர்களுக்கு.

முதலிலிருந்தே அவர் சொரசொரப்பான கறுப்புப் பந்தைத்தான் எடுத்தார். தரையில் பூசியிருந்த எண்ணெயில் மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு போக, கறுப்பு மட்டும் பிடித்துத் திரும்பிக் கட்டைகளின் நடுவே பாய்ந்தது. ஆனால் கடைசி இரண்டு தடவை அது அளவுக்கு மீறித் திரும்பி ஓரமாய் ஓடிவிட்டது.

"கை தளந்து போச்சுங்க சாமி. வயசாச்சல்லங்க," என்றான் ஆபீஸ் குணா.

காசிமாயன் தன் விரலைத் தவிர யாரையும் நம்புகிற ஆளில்லை. துணியில் பின்னல் மிஷினின் ஊசி எண்ணெய் பட்டிருந்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். திரும்பி வந்த பந்தைத் தடவினார். மதியம் பிசுபிசுத்தது இப்போது வறட்டென்று இருந்தது. இத்தனை பேர் உருட்டி உருட்டித் தரையின் எண்ணெயைத் துடைத்துவிட்டார்கள்; அதனால்தான் கறுப்பு அளவுக்கு மீறிப் பிடித்துத் திரும்புகிறது.

கறுப்பை வைத்துவிட்டு, வழவழவென்றிருந்த சிவப்பை எடுத்தார்.

"ஏனுங்க, அது வழுக்கீட்டுப் போயிருமுங்க!" என்றான் குணா.

"பொத்திக்கிட்டுப் பாருய்யா."

சிவப்பு நேராக ஓடி, கடைசியில் மட்டும் கொஞ்சம் திரும்பியது. ஒன்பது கட்டைகள் விழுந்தன. பத்தாவது ஆடி ஆடிப் படுத்தது. நிட்டிங்காரர்கள் போட்ட கூச்சலுக்கு நடுவே காசிமாயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குணாவிடம் வந்தார்.

"என் கைக்கு ஒண்ணுமில்லப்பா. தரைதான் காஞ்சு கெடக்கு. நீ பந்தத் தொட்டுப் பாத்தியா?"