வண்டி ஆறும் நேரம்

டைல்ஸ் கடை வைத்திருக்கும் டைல்ஸ்காரருக்கு இரண்டு வியாதிகள். ஒன்று, சொன்ன விலைக்கு எதையும் வாங்க மாட்டார். மற்றொன்று, தன் பொருளைப் பழுது பார்க்க அடுத்தவன் கையில் கொடுக்க மாட்டார். முதல் வியாதி ரத்தத்தில் வந்தது. அப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று சுற்றிலும் கடைக்காரர்கள். அந்த வீட்டில் யாராவது கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டாவது வியாதி அந்தப் பழைய டர்போ காரோடு வந்து சேர்ந்தது.

விற்றவன், "ராஜா மாதிரி ஓடும் சார்" என்று சொல்லித்தான் தள்ளிவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. ராஜா மாதிரியே, ஓடியதைவிட உட்கார்ந்திருந்ததுதான் அதிகம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் பானட்டைத் திறந்து வைத்து, இடுப்பு வரை உள்ளே புகுந்திருந்தார். வீட்டுக்குள் சர்சர்ரென்று டேப் கிழியும் சத்தம். மச்சான் அட்டைப்பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் அக்கா, அதாவது டைல்ஸ்காரரின் மனைவி, இன்றைக்கு இந்த வீட்டை விட்டுப் போகிறாள்.

அக்கம்பக்கத்துக்குச் சொன்னது, வேலை மாற்றல். வேலை மாற்றல் என்பது உண்மைதான். அவளே கேட்டு வாங்கிய மாற்றல் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. இருவருக்கும் நடுவில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, 'சாப்டாச்சா', 'கேஸ் வந்துச்சா' என்ற அளவில் வந்து நின்றுவிட்டது.

அவளிடம் அவரால் வாங்க முடிந்தது ஒரே ஒரு சலுகைதான்.

"சாமானெல்லாம் உன் தம்பி வேன்ல போகட்டும். நீ என் கூட கார்ல வா."

"கார் ஓடினா வரேன்" என்றாள்.

அது போதும் அவருக்கு. கடைக்குள் வந்து உட்கார்ந்த ஆளை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அரை நாள் தூரம். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். எழுந்து அடுத்த கடைக்குப் போக முடியாது. போய்ச் சேருவதற்குள் மனதை மாற்றி, அப்படியே வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. வேனில் வருகிற சாமான் பின்னாலேயே திரும்பி வரட்டுமே, என்ன குடி முழுகிப் போகிறது?

ஆனால் கார் ஓட வேண்டுமே. பானட்டுக்கு அடியில் நீலப் புகை. எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய் இணைப்பில் கசிவு. அதோடு காலையில் சாவி போட்டால் பேட்டரி செத்துக் கிடந்தது.

கசிவுக்குக் காரணம் ஒரு செம்பு வாஷர். போன முறை கழற்றியபோது பழையதையே தேய்த்துத் துடைத்துத் திரும்பப் போட்டிருந்தார். நன்றாக இருக்கும் பொருளை எதற்குத் தூக்கிப் போட வேண்டும் என்ற கெட்டிக்காரத்தனம். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி பிடிக்காது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், வாஷரிடமும் பேரம் பேசிப் பார்த்திருந்தார். இப்போது புதிது போட்டு, போல்ட்டை முறுக்கி, துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். ஈரம் இல்லை.

பேட்டரியைக் குடித்த திருடன் யார் என்று ஒயர் பிடித்துக்கொண்டே போனார். ஸ்டியரிங்குக்குக் கீழே தானே மாட்டிய டைமரில் போய் முடிந்தது. உள்ளே உருகிப்போய், வண்டி நிற்கும்போதும் கரண்ட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

டர்போ வண்டியை ஓட்டி வந்தவுடன் சட்டென்று அணைக்கக் கூடாது. டர்போ அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றால் ஆயில் ஓட்டமும் நிற்கும். உள்ளே தங்கிய ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும். அதனால் வீட்டு வாசலில் நிறுத்தியபின் வண்டியைச் சும்மா கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். வாங்கிய புதிதில் கணவனும் மனைவியும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வீட்டை வாங்கலாமா என்று முடிவு செய்தது அந்த ஸீட்டில்தான். அவர் அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்ததும் அங்கேதான். வீட்டுக்குள் வராத பேச்செல்லாம் எஞ்சின் முனகலில் வந்தது.

டைல்ஸ்காரருக்கோ, நின்ற வண்டியில் பெட்ரோல் எரிவதைப் பார்த்தால் வயிறும் சேர்ந்து எரியும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க வழியில்லை, நேரத்தையாவது மிச்சம் பிடிப்போம் என்று டைமரை வாங்கி மாட்டினார். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடலாம். வண்டி தானாகக் கொஞ்ச நேரம் ஓடித் தானாக அணையும்.

மாட்டி முதன்முதலாக ஓட்டிய நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள். குழந்தைக்காக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த காலம். "இறங்கும்மா, அதுவே ஆஃப் ஆயிக்கும்" என்று பெருமையோடு சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே போனார். அவள் உடனே வரவில்லை. எஞ்சின் நின்றபிறகுதான் வந்தாள்.

"பாத்தியா? கரெக்டா நின்னுச்சா?"

"நின்னுச்சு" என்றாள்.

தன் வேலையைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறாள் என்று அன்றைக்கு அவருக்கு ஒரே சந்தோஷம்.

இப்போது அந்த டைமரின் ஒயர்களை நறுக்கி, முனைகளுக்கு டேப் சுற்றினார். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கரண்ட் வாங்கி ஸ்டார்ட் செய்தார். உறுமியது. புகை இல்லை.

மச்சான் எட்டிப் பார்த்தான். "மாமா, நெஜமாவே ஓடுதே! நான் அக்காவுக்கு வேன்ல முன் ஸீட்டைத் தொடச்சு வெச்சுட்டேன்."

"அதுல உன் குக்கரை உக்கார வெச்சுக்கோ."

"குக்கர் சத்தம் போடும் மாமா. அக்கா போடாது."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். டைல்ஸ்காரர் பானட்டை வேண்டியதைவிடப் பலமாக அடித்து மூடினார்.

ஊரைத் தாண்டியதும் வியாபாரத்தைத் தொடங்கினார்.

"மேல் மாடியைக் காலி பண்ணித் தரேன். உனக்குன்னு தனியா வெச்சுக்கோ."

"மாடி எதுக்குங்க எனக்கு?"

"சரி, கடையை இனி சனிக்கிழமையும் மூடிடறேன்."

"மூடிட்டு?"

மூடிவிட்டு இந்த பானட்டுக்குள் தலையை விட்டிருப்பார் என்று இருவருக்குமே தெரியும்.

"நீயே சொல்லு. என்ன வேணும்? நீ கேட்டதுல ஒரு பைசா குறைக்க மாட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். "நீங்களா? இதை உங்க கடையில சொன்னா கல்லாப்பெட்டியே மயக்கம் போடும்."

அந்தச் சிரிப்பு அவருக்கு அட்வான்ஸ் வாங்கிய மாதிரி இருந்தது. ஆனால் அதன்பின் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடுகளில் டர்போ விசிலடித்து இழுத்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருந்து கேட்க வேண்டிய அந்த விசில், இன்றைக்குப் பார்த்துக் குறையில்லாமல் கேட்டது. எங்கேயாவது நின்றுபோனால்கூடத் தேவலை என்று வாழ்க்கையில் முதன்முறையாக நினைத்தார். நிற்கவில்லை. அவ்வளவு ஒழுங்காகப் பழுது பார்த்திருந்தார்.

அவள் குடிபோகும் கட்டடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினார். வேன் முன்னமே வந்து, மச்சான் பெட்டிகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"நீ போ. நான் கொஞ்சம் ஓடவிட்டுட்டு வரேன். டைமரைக் கழட்டிட்டேன், கெட்டுப் போச்சு."

அவள் கை நின்றது. பிடியை விட்டுவிட்டு நேராக உட்கார்ந்தாள். எஞ்சின் முனகிக்கொண்டிருந்தது. அவர் எதையும் விற்க முயலவில்லை. சரக்கெல்லாம் வழியிலேயே தீர்ந்திருந்தது.

"அதை மாட்டின அன்னிக்கு, ஒரு விஷயம் சொல்லணும்னு வழியெல்லாம் மனசுக்குள்ளயே பேசிப் பாத்துக்கிட்டு வந்தேன்" என்றாள். "வாசல்ல நின்னதும் சொல்லிடலாம்னு."

"என்ன விஷயம்?"

"வைத்தியம் போதும்னு. ஊசி போதும், ஸ்கேன் போதும். நாம ரெண்டு பேரே போதும்னு சொல்ல வந்தேன். நீங்க சாவியை எடுத்துட்டு இறங்கிட்டீங்க."

அதன்பிறகும் வைத்தியம் தொடர்ந்தது. இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்தது. இரண்டாவது முறைக்குப்பின் அவள் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தபோது, தொந்தரவு செய்ய வேண்டாமென்று இவர் வாசலில் காருக்குப் பிரேக் மாற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்து சொல்லியிருக்கலாமே."

"உள்ள வந்தா நீங்க அடுத்த ஆஸ்பத்திரி தேதியை காலண்டர்ல வட்டம் போட்டுக்கிட்டு இருந்தீங்க. அவ்வளவு ஆசையா."

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்ப சொல்லேன். இப்பவும் நாம ரெண்டு பேர்தானே. போதும்னு சொல்லு, வண்டியைத் திருப்பறேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் ஆயில் கறை இருந்தது. முன்பென்றால் முந்தானையால் துடைத்திருப்பாள்.

"அன்னிக்கு உங்க கிட்ட அதைச் சொல்ல வந்தவ ஒருத்தி இருந்தா. நானும் எனக்குள்ள தேடித்தான் பாத்தேங்க. அவ இப்ப இல்ல." பிறகு மெதுவாக, "போதும், வண்டி ஆறியிருக்கும். ஆஃப் பண்ணுங்க" என்றாள்.

சாவியைத் திருப்பினார். கைப்பையை எடுத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

மேலேயிருந்து மச்சான் தலை நீட்டினான். "மாமா, இந்தக் கட்டிலுக்குக் கால் எது தலை எதுன்னே தெரியல. கொஞ்சம் வாங்களேன்."

டிக்கியிலிருந்து ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு படியேறினார். சின்ன அறை, ஒரே ஜன்னல். தரையில் கட்டில் பலகைகள் பிரிந்து கிடந்தன. ஒற்றைக் கட்டில். மச்சான் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனான்.

அவர் மண்டியிட்டு மாட்டினார். கேட்கும் முன்பே அவள் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். எந்தப் போல்ட்டையும் அரைகுறையாக விடவில்லை. நான்கு மூலையும் முறுக்கி, திரும்பச் சுற்றிவந்து இன்னொரு முறை முறுக்கினார். ஒரு காலுக்கு அடியில் தரை பள்ளமாக இருந்தது. அட்டையைக் கிழித்து மடித்து முட்டுக் கொடுத்தார்.

"உக்காந்து பாரு. ஆடுதா?"

அவள் உட்கார்ந்தாள். கொஞ்சம் அசைந்தும் பார்த்தாள்.

"ஆடல."

"ஆடினா போன் பண்ணு" என்றார்.

ஆடாது என்று அவருக்குத் தெரியும்.