தாட்சாயிணியின் கட்டுமரம்

அன்று சென்னீர்குப்பம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமை வாத்தியார் எத்திராஜ். சின்ன வகுப்பு டீச்சர் தெரசா. பள்ளிக் கமிட்டியில் இருந்த நெல் மண்டி பரந்தாமன். என் தம்பி மனைவி நாகவல்லி. அவள் மகள், ஆறு வயது தாட்சாயிணி. பிறகு நான், திருவேங்கடம். வாசலை அடைத்துக்கொண்டு ஊர் ஜனமும் நின்றது. ஆனால் பேசியவர்கள் நாங்கள்தான்.

முப்பத்தாறாம் வருஷத்துச் சரஸ்வதி பூஜை. பிள்ளைகள் கையால் செய்தவற்றைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தார்கள். அதில் சிறந்ததற்குப் பரிசு உண்டு.

தெரசாவுக்கு ஊர் கோவளம். லீவுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு பையில் கடல் மணலும் இன்னொரு பையில் கிளிஞ்சலும் சோழியும் கொண்டுவருவாள். கடலையே பார்த்திராத எங்கள் பிள்ளைகள் அந்த மணலில் விரலால் எழுத்துப் பழகினார்கள். சோழியை அடுக்கிக் கூட்டல் படித்தார்கள். கிளிஞ்சல்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசை வைப்பதில் தாட்சாயிணியை மிஞ்ச ஆள் கிடையாது.

பூஜைக்காக அவள் ஒரு முறத்தில் கடற்கரை செய்திருந்தாள். பாதி முறம் வெறும் மணல். மறு பாதியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்த மணல். அதில் சீப்பால் இழுத்த அலைகள். புளியங்கொட்டையில் துடைப்பக் குச்சிக் கால் வைத்த நண்டுகள். நீல மணலின் மேல் ஒரு கட்டுமரம். அகத்திக் குச்சிகளைச் சேர்த்து வாழை நாரால் கட்டியது.

பரந்தாமன் அந்தக் கட்டுமரத்தைக் கையில் எடுத்தார். அவர் மகன் செய்த களிமண் கப்பலும் அதே வரிசையில்தான் இருந்தது.

"வாத்தியாரே, இத்த இந்தப் பொண்ணு கட்டிச்சின்னா நம்பச் சொல்றீங்க? முடிச்சைப் பாருங்க. நகத்தால அசைக்க முடியல. இது பெரியாள் கை."

"முடிச்சு நான் சொல்லிக் குடுத்தேங்க. கட்டினது அவ ஊட்டுல," என்றாள் தெரசா.

"அதான் சொல்றேன், டீச்சரம்மா. ஊட்டுல யார் கட்டினாங்களோ. பள்ளிக்கூடத்துக்கு எடம் குடுத்தவங்க ஊட்டுப் பொண்ணு. நீங்க வேற இன்னா சொல்லப் போறீங்க?"

அந்த இடம் என் தகப்பனார் கொடுத்தது. அதைச் சொல்லி நாங்கள் ஒரு பிடி சலுகை கேட்டதில்லை. எத்திராஜ் என்னைப் பார்த்தார். பெரியவர்கள் செய்ததைப் பிள்ளை செய்ததாகக் காட்டினால் ஊரறியச் சொல்லி விலக்கிவிடுவது அவர் வழக்கம். இந்த வயதில் அந்தக் குழந்தை பொய்க்காரி என்று பெயர் வாங்கினால் கல்யாண வயது வரை அது கூட வரும்.

"இப்பவே இன்னொண்ணு கட்டட்டும்," என்றேன்.

குச்சியும் ஈர நாரும் வந்தன. தாட்சாயிணி தரையில் உட்கார்ந்து நாரைச் சுற்றினாள். இறுக்கும்போது வழுக்கியது. மறுபடியும் சுற்றினாள், மறுபடியும் வழுக்கியது. நாரை முகத்தருகே கொண்டுபோனவள் தாயைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள். நாகவல்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவக் கூப்புடு பாப்பா, வந்து கட்டிக் குடுக்கட்டும்," என்றார் பரந்தாமன். வாசலில் சிலர் சிரித்தார்கள். குழந்தை நாரைக் கீழே வைக்கவில்லை. அழவும் இல்லை.

நான் பரந்தாமன் கையிலிருந்த கட்டுமரத்தை வாங்கி நாரின் நுனியைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தது. நடுவில் மட்டும் நசுங்கவில்லை.

"பாப்பா, வாயத் தொற."

மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் விழுந்து, இடம் காலியாக இருந்தது. நாரில் நசுங்காத இடமும் அதே அகலம்தான்.

என் எதிரில் வாய் திறக்காத நாகவல்லி அப்போது பேசினாள். "பல்லால இழுத்துத்தான் கட்டினா, மாமா. சாமி முன்னாடி வெக்கிறது, எச்சின்னு சொல்லிடுவாங்கன்னு நான்தான் மூச்சு விடாதேன்னேன்."

ஒரு பக்கம் எச்சில், இன்னொரு பக்கம் பொய். எது குடும்பத்துக்குப் பெரிய இழுக்கு என்று நான் யோசிக்கவே இல்லை.

"கடிச்சி இழு, பாப்பா," என்றேன்.

நாரை வாய்க்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கப் பல்லாலும் கவ்வித் தலையைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தாள். முதல் முடிச்சு விழுந்தது. பிறகு யாரையும் பார்க்கவில்லை. முழுக் கட்டுமரத்தையும் கட்டி முடித்து, எழுந்து நேராகப் பரந்தாமனிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் நகத்தைக் கொடுத்து நெம்பினார். அசையவில்லை.

"கெட்டிதான்," என்றார். விடவும் மனமில்லை அவருக்கு. "ஆனா எச்சிப் பண்டத்த சரஸ்வதி முன்னாடி வெக்கிறதா? உங்க ஊட்டு ஆசாரம் இன்னாத்துக்கு ஆச்சு, அண்ணாத்தே?"

"ஆசாரம் நல்லாத்தான் கீது, பரந்தாமா. எச்சி தண்ணி பட்டாப் பூடும். நீ கொளந்தைக்கு வெக்கப் பாத்த பேரு எந்தத் தண்ணி ஊத்தினாப் போவும்?"

பூஜைக்கு வைத்திருந்த செம்பை எடுத்து இரண்டு கட்டுமரங்களின் மேலும் தண்ணீர் ஊற்றினேன்.

"இன்னும் ஊத்து, பெரிப்பா," என்றாள் தாட்சாயிணி. "கட்டுமரம் எப்பவும் ஈரமாத்தான் இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க."

முதலில் எத்திராஜ் சிரித்தார், பிறகு வாசலே சிரித்தது. அவர் குடிதண்ணீர் அண்டாவின் மூடியைத் தானே எடுத்து, தட்டுபோல் மல்லாத்தி வைத்து, நீர் நிரப்பினார். தாட்சாயிணி புதுக் கட்டுமரத்தை அதில் விட்டாள். அது மிதந்தது. சோழியாக எடுத்து ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் ஜனம் சேர்ந்து எண்ணியது. கையில் இருந்த சோழி தீர்ந்ததே தவிர கட்டுமரம் அமிழவில்லை.

பழைய கட்டுமரத்தை எத்திராஜ் முறத்தில் வைத்து, முறத்தை வரிசையின் நடுவுக்கு, படத்துக்கு நேர் கீழே நகர்த்தினார். பரிசு, மரச்சட்டம் போட்ட சிலேட்டு. கமிட்டிக்காரர் என்ற முறையில் அதைப் பரந்தாமன்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

"நல்லாப் படி," என்று நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். "முடிச்சு அவுந்துச்சா, மாமா?" என்று கேட்டாள்.

பரந்தாமனே சிரித்துவிட்டார். சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, நாகவல்லி தலை நிமிர்ந்து பின்னால் வர, தெருவின் நடுவழியே வீடு வந்தோம்.

அந்தக் கட்டுமரத்தை நான் கட்டிக் கொடுத்து, ஊரை மிரட்டிப் பரிசு வாங்கியதாக பக்கத்து ஊர் வானகரத்தில் இன்னும் சிலர் பேசுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. எனக்கு அந்த முடிச்சுப் போடத் தெரியாது. கட்டியவள் தாட்சாயிணி.