மாமி தொழும் நேரம்

மதிய லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யக் குழாயடிக்குப் போன உமைரா, பாதியில் திரும்பிக் குளியலறைக்குள் போனாள். வெளியே வந்தபோது மாமியார் நசீம் பானு தன் முசல்லா விரிப்புக்குப் பக்கத்தில் அவளுடையதை விரித்துக்கொண்டிருந்தார். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"மறுபடியுமா?"

"ஆமாங்க மாமி."

நோன்பு தொடங்கிப் பதினாறு நாளில் இது மூன்றாவது முறை. நான்கு நாள் நோன்பு வைப்பாள். துணியில் கறை தெரியும், நோன்பு முறிந்துவிடும். நின்றுவிட்டதென்று குளித்துத் தொழ ஆரம்பித்தால் இரண்டே நாளில் திரும்ப வரும். இது மாதவிலக்குதானா, தொழலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை. பால் கொடுக்கிறவள் நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மாமியே சொல்லியிருந்தார். ஆனால் போன இரண்டு ரமலானும் வயிற்றிலோ மடியிலோ பிள்ளையோடு போய்விட்டன. இப்போது பையனுக்கு எட்டு மாதம், கூழ் குடிக்கிறான். இந்த வருடமாவது முழுதாக வைத்துவிட வேண்டுமென்று ஆசைப்பட்டிருந்தாள்.

காரணம் அவளுக்கு அரைகுறையாகத் தெரியும். மூத்தவளுக்கு ஒன்பது மாதம் ஆகும்போதே இவன் தங்கிவிட்டான். பிரசவத்தில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னொரு தடவை அந்தக் கட்டிலில் படுக்க அவளால் முடியாது. கணவன் தௌபிக்கிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தாள். சந்தைக்குச் சந்தை நைட்டி விற்றுவிட்டு வரும் அவன் நல்லவன்தான். ஆனால், "நான் ஒத்தப் புள்ளயா வளந்தவன், நமக்கு வூடு நெறயணும்" என்று கல்யாணமான புதிதில் சொன்னதை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். பையனுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் மலர்விழியிடம் கேட்டுக் கருத்தடை மாத்திரை வாங்கினாள். மாமி தொழ நிற்கும் நேரம் பார்த்து விழுங்கினாள். சில நாள் மாலை நோன்பு திறந்ததும், சில நாள் இரவு. மாமி பக்கத்திலேயே இருந்துவிட்டால் அன்றைக்கு இல்லை.

மறுநாள் காலை நசீம் பானு புர்காவோடு நின்றார்.

"கெளம்பு. எங்கக்கா இப்பிடித்தான் வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளயே வெச்சிருந்தா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்ப கர்ப்பப்பையெல்லாம் புண்ணுன்னுட்டாங்க."

பையனைத் தானே தூக்கிக்கொண்டார்.

காரிமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சுகாதார நிலையத்துக்கு நடந்தார்கள். மலர்விழி அட்டையைப் புரட்டினாள். மாமியாரே கூட வந்திருப்பதால் அவருக்குத் தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ, சாதாரணமாகக் கேட்டாள்.

"மாத்திரய தெனமும் ஒரே நேரத்துல போடுறியாம்மா?"

உமைரா தரையைப் பார்த்தாள். "இல்லீங்க சிஸ்டர். விட்டு விட்டுத்தான்."

"நேரம் மாறுனா, நாள் தவறுனா இப்பிடித் திட்டுத்திட்டாப் படும். ஒழுங்காப் போட்டாலுமே மொத ரெண்டு மூணு மாசம் சிலருக்கு வரும். எதுக்கும் டாக்டர் பாத்துரட்டும்."

மருத்துவர் பார்த்தார். கர்ப்பம் இல்லை, புண் இல்லை, ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. அவர் சொன்னதையெல்லாம் நசீம் பானு கதவோரம் நின்று கேட்டார்.

பஸ் நிறுத்தத்தில்தான் பேசினார். "தௌபிக்குக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அவனுக்கப்பறம் எனக்கு நாலு கலஞ்சு போச்சு. ஒவ்வொரு தடவையும் எங்க மாமி இன்னொண்ணு பாக்கலாம்னாங்க. போதும்னு சொல்ல எனக்கு வாய் வல்ல." பையனின் தலைமேல் புர்காத் துணியை இழுத்து வெயிலை மறைத்தார். "அதுக்காக நீ மறச்சது சரின்னு சொல்ல மாட்டேன். எம்மவன்கிட்ட என்னால மறைக்கவும் முடியாது. நீயே சொல்லிரு. இன்னைக்கே."

மாலையில் தௌபிக் மூட்டையை இறக்கிவிட்டுக் கைகால் கழுவி வந்து உட்கார்ந்தான். உமைரா நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் வைத்தாள்.

"டாக்டர் என்னா சொன்னாங்க?" அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டான்.

"அவகிட்ட கேளு." நசீம் பானு பையனை இடுப்பில் வைத்து, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

உமைரா எதிரே உட்கார்ந்தாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. நான்தான் ரெண்டு மாசமா மாத்திர போடுறேன், இப்ப புள்ள வேணாம்னு. உங்களக் கேக்காமயே வாங்குனேன்." கஞ்சிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். "பிரசவத்தன்னைக்கு நீங்க வெளிய நின்னீங்க. உள்ள நான் கலிமா சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். பொழைக்க மாட்டேன்னு நெனச்சு."

பள்ளிவாசலிலிருந்து நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. தௌபிக் பேரீச்சம்பழத்தை எடுத்தான். வாயருகே போன கை அங்கேயே நின்றது. வாசலில் நசீம் பானு தண்ணீர் குடிக்கும் சத்தம் வந்தது. கஞ்சியின்மேல் மெல்ல ஏடு படிந்தது. பாங்கு முடிந்த பிறகும் அந்தப் பழம் அவன் விரல்களுக்கிடையிலேயே இருந்தது.