அழகையாவுக்கு ஒரு படம்

கருமாதி நெருங்கிக்கொண்டிருந்தது, மாலை போட அழகையாவின் படம் ஒன்றுகூட இல்லை. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் தீப்பிடித்தபோது கல்யாணப் படமும் அடையாள அட்டையும் எரிந்துவிட்டனவாம். அதனால் அவர் மனைவி இராக்கம்மா பெரகலவில் பஸ் ஏறி, பதுளையில் நான் வேலை பார்த்த ஸ்கேன் நிலையத்துக்கு வந்தார். மரக்கிளை வெட்டும்போது விழுந்த அன்று அவர் தலையை இங்கேதானே படம் பிடித்தீர்கள், அதில் முகம் இருக்காதா என்று கேட்டார்.

இருக்கும் என்றேன். அந்த வருடம்தான் முப்பரிமாண மென்பொருள் வந்திருந்தது. கையேட்டைப் பிரிக்காமலே நான் நிபுணனாகியிருந்தேன்.

கோப்பைத் திறந்தேன். மென்பொருள் வழக்கம்போல எலும்பைக் காட்டும் அமைப்பில் திறந்துகொண்டது. திரை நிறைய மண்டையோடு. தாடையோரம் சில சில்லறை எலும்புகள் வேறு. பழைய கணினி, கண்டதையும் காட்டும் என்று விட்டுவிட்டேன். திரையை உடம்பால் மறைக்கப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் அம்மா அவ்வளவு ஊட்டியும் என் உடம்பு அதற்குப் போதவில்லை. இராக்கம்மா எட்டிப் பார்த்து, பல் அவருடையதுதான் என்றார்.

எவ்வளவு அடர்த்தியானதைக் காட்டுவது என்ற அளவை மவுஸால் குறைத்தேன். எலும்பின் மேல் புகைபோலச் சதை படிந்தது. பிறகு மூக்கு, உதடு, மூடிய இமைகள். முடி இதில் வராது என்றேன். கண்ணைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டார். அதற்கு அமைப்பு எதுவும் இல்லை.

இன்னும் கொஞ்சம் குறைத்தேன். கன்னங்களில் விரல்கள் முளைத்தன. ஆள் இல்லை, கை இல்லை. விரல்கள் மட்டும் இரு பக்கமும் முகத்தை இறுகப் பற்றியிருந்தன. என் நாற்காலி பின்னால் போய்விட்டது. சக்கரம் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

வேண்டாததை நறுக்க மென்பொருளில் ஒரு கத்தரிக்கோல் உண்டு.

"இதை வெட்டிவிடட்டோ, அம்மா?"

"வேணாங்கய்யா. அது ஏங் கைங்க."

வளைந்த சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். திரையிலும் அதே வளைவு. அன்று அழகையா தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததும், கதிர் படாமலிருக்க இவருக்கு ஈய அங்கியை மாட்டிப் பக்கத்தில் நிறுத்தியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"விடாம புடிச்சுக்கன்னு நீங்கதான சொன்னீங்க," என்றார்.

விரல்களோடேயே அச்செடுத்துக் கொடுத்தேன். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றதற்கு, நான்தான்னு சொல்லிக்குவேன் என்று படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

அவர் போனபின், அடுத்த நோயாளிக்காக அளவைப் பழையபடி எலும்பு அமைப்புக்கு இழுத்தேன். இமை கரைந்தது, உதடு கரைந்தது, கன்னம் கரைந்தது. இராக்கம்மாவின் விரல் சதையும் கூடவே போயிற்று. எலும்புகள் மட்டும், இல்லாத கன்னத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.