காலி வண்டி

பஸ் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர், நகல் எடுத்த கையோடு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸையும் என்னிடம்தான் கேட்பார்கள். தலையைத் தூக்காமலேயே நேரத்தைச் சொல்லி அனுப்புவேன். அந்தத் திமிர் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் தசரதன் மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதத்து அம்மன் கூழ், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு அறிவிப்பு என்று இருபத்தேழு வருடம் ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விட்ட மனிதர். போன தை மாதம் அவருடைய இடது காது போய்விட்டது. கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண மண்டபம், மத்தியான நேரம். இடது பக்கத்து ஸ்பீக்கர் பாக்ஸ் செத்துவிட்டது என்று இவர் ஒயரை மாற்றுகிறார், பிளக்கை மாற்றுகிறார், பாக்ஸையே திருப்பிப் போட்டுத் தட்டுகிறார். தொழிலில் கூட்டாளியான பாலாஜி ஓடிவந்து, "அண்ணே, அது நல்லாத்தானே பாடுது" என்றான். அப்போதுதான் இவருக்கு உறைத்தது.

வேலூரில் காது டாக்டரிடம் காட்டினோம். வலது காதும் பாதிதான் இருக்கிறது என்றார். "இடது மாதிரி இதுவும் ஒரே நாள்ல போகலாம். மெஷின் வெச்சா இருக்கறதைக் கூட்டிக் காட்டும். இல்லாததைக் கொண்டுவராது. சத்தத்துக்குப் பக்கத்துல போகாதீங்க" என்றார். மைக் செட்காரரிடம் சொல்லுகிற பேச்சா இது? இவர் அதற்கும் சிரித்தார். வெளியே வந்து, "உள்ள ஒரு இரைச்சல் ஓடிக்கினே இருக்குது அன்பு. தண்ணி வந்து வந்து மோதற மாதிரி. அதை நிறுத்த முடியுமான்னு கேக்க மறந்துட்டேன்" என்றார். எனக்கு அங்கேயே, ஆஸ்பத்திரி வாசலிலேயே, அழுகை வந்துவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள், இனியா. புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கூடப் படிக்கிற மூன்று பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டுக் குழு வைத்திருக்கிறாள். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் போன் செய்தாள். கடற்கரையில் மூன்று நாள் கோடை இசை விழாவாம். முதல் நாள், மே ஒன்றாம் தேதி, சாயங்காலம் ஐந்தரைக்கு இவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்களாம்.

"அப்பாவைக் கூட்டிக்கினு வந்துடும்மா. முன்னாடி உக்கார வெச்சிடலாம். அவருக்குக் கேக்கணும், எனக்கு அது போதும்" என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் இவருடைய மைக்கில் பாடியிருக்கிறார்கள், இவரும் கேட்டிருக்கிறார். சொந்த மகள் மேடையில் பாடி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு இவர்தான் மைக் செட். அவள் முறை வருகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இவர் பின்பக்கம் போய் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டி அதை ஓட வைத்தார். அந்தக் கரண்டில்தான் அவள் பாடினாள். இவர் கையெல்லாம் டீசலோடு மேடைக்கு வந்தபோது தலைமை ஆசிரியர் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் விழாப் பேச்சுதான். மனிதர் ஒரு கல்யாண நோட்டீசின் பின்பக்கத்தில் மேடையை வரைந்தார். பார்க்காத மேடைதான், ஆனாலும் பாக்ஸ் எங்கெங்கே நிற்கும் என்று கட்டம் போட்டார்.

"சாயங்காலம் காத்து கடல்லேர்ந்து கரைக்கு வரும். அதனால மேடைக்கு மேக்கால உக்காரணும். காத்தோட சத்தமும் வந்துடும். வலது காது பாக்ஸைப் பாக்கற மாதிரி, இதோ இங்க ரெண்டு நாற்காலி" என்று இரண்டு புள்ளி வைத்தார்.

"அவ்வளோ பெரிய கடற்கரையில உங்களுக்குன்னு ரெண்டு நாற்காலி போட்டு வெச்சிருப்பாங்களா?"

"இல்லாங்காட்டி மணல்ல உக்காந்துக்கறேன். உனக்கு இன்னா போச்சு?"

அந்த நோட்டீசை நான்காக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மே மாதம் வரைக்கும் அந்தக் காது இருக்க வேண்டுமே என்று மலையைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டேன்.

காலண்டரைப் பார்த்தால் மே ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, சித்ரா பௌர்ணமி. வருடத்திலேயே கூட்டம் ஜாஸ்தியாக வருகிற பௌர்ணமி. முந்தின நாள் வியாழக்கிழமை இவர் ஒயர் இழுத்து, குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கொடுத்தாக வேண்டும். கம்பத்தில் ஏறிக் கட்டுவதற்கு இவரை விட்டால் ஆள் இல்லை. அதன் பிறகு மைக்கில் பேசுவதை பாலாஜி பார்த்துக்கொள்வான். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில்தான் நாங்கள் கிளம்ப முடியும். சித்ரா பௌர்ணமிக்கு வாடகைக் கார் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த சூட்சுமம் ஒன்று உண்டு. பௌர்ணமியன்று வெளியூர் பஸ்ஸெல்லாம் ஆளை அடைத்துக்கொண்டு உள்ளே வரும். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிப் போகும். எத்தனையோ பௌர்ணமிக்கு நான் அந்தக் காலி வண்டியில் செஞ்சிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஜன்னல் ஓரம், பக்கத்து சீட்டில் பை, கால் நீட்டிக்கொண்டு ராணி மாதிரி போவேன். சாதாரண பௌர்ணமிக்கே அப்படி என்றால் சித்ரா பௌர்ணமிக்கு எத்தனை பஸ் வரும், எத்தனை காலியாகப் போகும்! இதற்குப் போய் முன்பதிவா என்று இருந்துவிட்டேன்.

இவர் ஏதோ சொல்ல வந்தார். "வியாழக்கிழமையே அறிவிப்பு தொடங்கணும்னு சொல்லியிருக்காங்க, அன்பு..."

"பஸ் விஷயத்தை எனக்கு விடுங்க. நீங்க உங்க குழாயைப் பாருங்க" என்று வாயை அடைத்தேன். அவரும் விட்டுவிட்டார். காது போனதிலிருந்து அவர் எதற்குமே எதிர்த்துப் பேசுவதில்லை.

வியாழக்கிழமை போனவர் பொழுது சாயும் வரை கம்பத்திலேயே இருந்தார். குழாயைக் கட்டிவிட்டு, அதற்குக் கீழேயே நின்று சோதனை செய்ததாக பாலாஜி சொன்னான். "டாக்டர் இன்னா சொன்னாரு, நீங்க இன்னா பண்றீங்க?" என்று கத்தினேன். வலது காதைத் தேய்த்துக்கொண்டே, "நாளைக்கு நல்ல சத்தம் கேக்கப் போறேன் இல்ல, பழக்கம் பண்ணிக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கெல்லாம் திண்டிவனம் ரோட்டில் போட்டிருந்த தற்காலிகப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டோம். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை அவர் போட்டிருந்தார். பையில் இனியாவுக்குப் பிடித்த முறுக்கு.

பஸ்கள் இருந்தன. வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாசலிலும் ஐம்பது அறுபது பேர் தொங்கினார்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டார்கள், பிள்ளையைப் போட்டார்கள், ஒரு அம்மாள் தன்னையே போட்டுக்கொண்டாள். எல்லாரும் பாதம் வீங்கி, தூங்காத கண்ணோடு, நெற்றியில் விபூதி கலைந்து நின்றார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. இவ்வளவு பேர் ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள்?

அவர்தான் சொன்னார். "நேத்து ராவே பௌர்ணமி பொறந்துடுச்சு இல்ல. ராத்திரி சுத்தனவங்க இப்ப திரும்பறாங்க."

காலண்டரில் நான் தேதியைத்தான் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் இருந்த நேரத்தைப் பார்க்கவில்லை. பௌர்ணமி சாயங்காலம் தொடங்கினால்தான் பகல் வண்டி காலியாகப் போகும். முதல் நாள் இரவே தொடங்கிவிட்டால் மறுநாள் பகலெல்லாம் போகிற கூட்டம், வருகிற கூட்டம் இரண்டும் சேர்ந்துவிடும். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனாலும் ஆத்திரத்தில், "இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் என் வாயையே பார்த்துவிட்டு, "சரி விடு, அடுத்ததுல ஏறலாம்" என்றார்.

அடுத்தது, அதற்கடுத்தது என்று மத்தியானம் பன்னிரண்டு ஆனது. ஒன்றில் எப்படியோ ஏறினோம். நின்றுகொண்டுதான். பஸ் இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். எதிரே வருகிற வண்டிகள் ரோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றன. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி மரத்தடிக்குப் போனார். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. உள்ளே அடுப்பில் வைத்த மாதிரி வெந்தோம். அவர் கம்பியைப் பிடித்தபடி, வலது காதைக் கையால் பொத்துவதும் எடுப்பதுமாக இருந்தார். வலிக்கிறதா என்று சைகையில் கேட்டேன். இல்லை என்றார்.

மூன்றரைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நிமிடமே வழி திறந்தாலும் மூன்று மணி நேரப் பயணம். முடிந்துபோன காரியம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவரே, "எறங்கிடலாம்" என்றார். வெயிலில் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தோம். நான் அழுதுகொண்டே நடந்தேன். என் முட்டாள்தனத்தால் ஒரு மனுஷனுக்கு இருந்த ஒரே ஒரு சாயங்காலம் போய்விட்டது.

ஐந்தேகாலுக்கு இனியா போன் செய்தாள். "எங்கம்மா இருக்கீங்க? நாற்காலி பிடிச்சு வெச்சிருக்கேன்."

சொன்னேன். "சரிம்மா. எங்க ஹாஸ்டல் கீர்த்தனா கீழ நின்னு போனைப் பிடிச்சுக்குவா. நீ அப்பா காதுல வெச்சிடு. போன்லயாவது கேக்கட்டும்" என்றாள். குரல் உடைந்திருந்தது. பாடப் போகிற பிள்ளையின் தொண்டையையும் நான்தான் கெடுத்தேன்.

விஷயத்தை நோட்டீசின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். அவர் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! ஆனால் எங்கள் தலைக்கு மேலே அவர் கட்டிய குழாய் அலறிக்கொண்டிருந்தது. செய்யாற்றிலிருந்து வந்த குழந்தை, பச்சைக் கவுன், ஐந்து வயது, காணவில்லை. நகர்ந்து போகலாம் என்றால் நாலு பக்கமும் ஆள் சுவர். அவர் நிமிர்ந்து தன் குழாயைப் பார்த்தார்.

"இதை வெச்சுக்கினு கேக்க முடியாது. பாலாஜிகிட்ட பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லிட்டு வரேன்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அறிவிப்புக் கொட்டகைக்குப் போனார். தூரத்திலிருந்து பார்த்தேன். இவர் ஏதோ சொல்ல, பாலாஜி தலையாட்டினான். அண்ணன் பேச்சை அவன் தட்டியதில்லை. இவர் அவன் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினார். பாலாஜி மைக்கைக் கீழே வைக்கப் போன நேரத்தில், ஒரு பெண் தலைவிரி கோலமாக வந்து மேஜையில் விழுந்தாள். பச்சைக் கவுன் குழந்தையின் தாய். பாலாஜி ஒரு நொடி இவருடைய முதுகைப் பார்த்தான். பிறகு மைக்கை மறுபடி வாய்க்கு எடுத்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

குழாய் முன்னைவிடப் பலமாக அலறியது. பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அவர் சிரித்துக்கொண்டே வந்து, குழாய்க்கு நேர் கீழே என் பக்கத்தில் நின்றார்.

"பாத்தியா? சொன்ன உடனே நிறுத்திட்டான். நல்ல பையன். ம், போடு."

"ஏங்க" என்றேன். "ஏங்க!" என்று கத்தினேன். அவர் காதில் விழவே இல்லை. ஐந்தரைக்குக் கீர்த்தனாவின் அழைப்பு வந்தது, எடுத்தேன். அவர் போனை என் கையிலிருந்து வாங்கி வலது காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி, பாக்ஸைப் பார்க்கிற மாதிரி தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார். இன்னொரு கை சட்டைப் பையில் இருந்த நோட்டீசைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மணி ஐந்து முப்பத்தைந்து. நாற்பது. இப்போது முதல் பாட்டு முடிந்திருக்கும். என் மகள் என்ன பாடினாள் என்று எனக்கும் கேட்கவில்லை. பச்சைக் கவுன், ஐந்து வயது, பச்சைக் கவுன் என்று மேலே குழாய் சொல்லிக்கொண்டே இருந்தது. நாற்பத்திரண்டுக்கு லைன் கட்டாகி, போனில் வெளிச்சம் மின்னி அணைந்தது. அவர் காதைவிட்டு எடுக்கவில்லை. பிடுங்கவும் எனக்கு மனம் வரவில்லை.

வெகு நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பொறுமை.

"கடல் நல்லா கேக்குது அன்பு. அலை வந்து வந்து மோதுது. பாட்டுதான் இன்னும் ஆரம்பிக்கல. மேடை வேலைன்னா அப்படித்தான், கொஞ்சம் லேட்டாகும்" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.