கொக்கை இரண்டு முறை சாய்த்தவர்

நகராட்சி கட்டிய புது விளையாட்டு அரங்கத்துக்கு ஒரு பழைய குத்துச்சண்டை வீரர் பெயரை வைப்பதென்று முடிவானபோது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பதினோரு வருஷம் சாம்பியனாக இருந்தவர் என் வீட்டுக்காரர். ஆனால் அதற்கும் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர், ஒரு பல் டாக்டர். இவருக்கும், இவரோடு மோதிய கொக்கு, சம்மட்டி என்ற பட்டப்பெயர்க்காரர்கள் இருவருக்கும் பல் கட்டியவர் அவர்தான். அதனால் நடுநிலையாக இருப்பாராம்!

எனக்கோ அவசரம். இவருக்குக் கொஞ்ச நாளாக ஞாபகம் தப்புகிறது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். எங்கள் தெருவிலேயே நின்று எங்கள் வீட்டுக்கு வழி கேட்கிறார். தன் பெயரைத் தானே படித்துச் சந்தோஷப்படுகிற காலத்திலேயே அது வாசலில் ஏறிவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

நகராட்சி அலுவலகத்து மாடியில் கூட்டம். இவரைக் கூட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன். கொக்கு தன் நீளக் காலை நீட்டி வழியை மறித்து உட்கார்ந்திருந்தார். சம்மட்டி இரண்டு நாற்காலி கொள்ளுகிற ஆள், ஒன்றில் திணறிக்கொண்டிருந்தார். இருவர் கையிலும் தங்களைப் புகழ்ந்த பழைய பத்திரிகைத் துண்டுகள் கத்தை கத்தையாக இருந்தன.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஒருத்தர் எத்தன தடவை ஜெயிச்சாருங்கிறது பெரிசில்ல. யாரை ஜெயிச்சாருங்கிறதுதான் கேள்வி. எதிராளி சொத்தையா இருந்தா, அந்த வெற்றியும் சொத்தைதான்."

இதைக் கேட்டதும் கொக்கு பத்திரிகைத் துண்டுகளைச் சத்தமில்லாமல் பைக்குள் திணித்தார்.

"ஐயா, நான் ஒண்ணுத்துக்கும் உதவாத ஆளு," என்று எழுந்தார். "எனக்கு அப்பவே கண்ணு மங்கல். எதிர்ல நிக்கிறது இவரா, நடுவரான்னே தெரியாம குத்திட்டிருந்தேன். இவரு என்னை ரெண்டு தடவை சாய்ச்சதெல்லாம் கணக்குலயே சேராது."

சம்மட்டி விடுவாரா? "அவராவது கண்ணைத் திறந்து வச்சிருந்தாரு. நான் குத்து வர்றதப் பாத்தாலே மூடிக்குவேன். என்னை ஜெயிக்க ஒரு சாம்பியன் வேணுமா? காத்து பலமா அடிச்சாலே விழுந்திருப்பேனே!"

இப்படி இருவரும் மாறி மாறித் தங்களைத் தாங்களே தரைமட்டமாக்கினார்கள். இவருக்குப் பெயர் கிடைக்கக் கூடாதென்றால் எவ்வளவு கீழேயும் இறங்குவார்கள் போலிருந்தது. பல் டாக்டர் வேறு விடாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் செருப்பை எந்தக் காலில் மாட்டுவதென்று தெரியாமல் நின்ற மனுஷன், அப்போது விறுக்கென்று எழுந்தார்.

"டேய் கொக்கு, வாயை மூடு! இவனா மட்டமான ஆளு? ஐயா, இவனை மாதிரி குத்த இன்னொருத்தன் பொறந்து வரணும். இவன் இடது கை வர்றதே தெரியாது. வந்துட்டுப் போன பிறகுதான் தெரியும். ரெண்டாவது சண்டையில தாடையில ஒண்ணு விட்டான் பாருங்க! அந்தச் சண்டையில ஜெயிச்சது நான்தான். ஆனா அது மறுநாள் பேப்பரைப் பாத்துதான் எனக்கே தெரியும்."

கமிட்டி சிரித்தது. இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அது மட்டுமா? வீட்டுக்குப் போனா இவ பேரு ஞாபகம் வரல. மூணு நாள்! தெரிஞ்சா வருத்தப்படுவாளேன்னு 'கண்ணு, கண்ணு'ன்னு கூப்பிட்டுச் சமாளிச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அந்த மூன்று நாள்தான். அதைப் பொத்திப் பொத்தி வைத்து, இவர்மேல் கோபம் வரும்போதெல்லாம் நினைத்துப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டவள் நான். கடைசியில் அதுவும் கொக்கு கொடுத்ததுதானா? அங்கேயே அழுதிருப்பேன், ஆனால் கொக்கு முந்திக்கொண்டார்.

"பொய் சொல்றாருங்க! நான் அப்படியெல்லாம் குத்தவே இல்ல!" என்று அலறினார்.

"குத்தினடா!" என்ற இவர், வாயைத் திறந்து கட்டுப்பல்லைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பல் டாக்டர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கொக்கு மாதிரி ஆளில்லை என்று சாம்பியனே ஒப்புக்கொண்ட பிறகு நாங்கள் யார் என்று சொல்லி, அரங்கத்துக்குக் கொக்கின் பெயரையே வைத்துவிட்டார்.

இவர் தயவில் பெயர் கிடைத்த வெட்கத்தில், கொக்கு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபித்துக்கொண்டு சம்மட்டி போனார்.

படி இறங்கும்போது இவரைப் பிடித்துக்கொண்டேன். "கொஞ்சமாவது புத்தி இருக்கா உங்களுக்கு? உங்க வாயாலயே தூக்கிக் குடுத்துட்டீங்களே!"

"உனக்குப் புரியல. வாசல்ல அவன் பேரைப் படிக்கிறவன் என்ன கேப்பான்? இவ்வளவு பெரிய ஆளை யாராவது சாய்ச்சிருக்காங்களான்னு கேப்பான். அப்ப என் பேரு வந்துதானே ஆகணும்?"

யார் கேட்பார்கள்? ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பல நாள் கழித்து இவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அதைப் பார்த்த பிறகு வாயைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.

திறப்பு விழாவன்று காலையிலேயே போய் வாசலில் நின்றோம். நல்ல கூட்டம். பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எல்லோரும் உள்ளே போனார்கள். இவர் ஒவ்வொருவர் முகமாக ஆவலோடு பார்த்தார். வெயில் ஏற ஏற இவர் முகம் வாடியது. கடைசியில், தோளில் பை மாட்டிய ஒரு பெண் கொக்கின் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு எங்களைத் தாண்டப் பார்த்தாள். நான் எட்டி அவள் கையைப் பிடித்தேன்.

"இந்தப் பேருக்காரரை யாராவது சாய்ச்சிருக்காங்களான்னு கேளும்மா."

அவள் மிரண்டுபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் பிடியை விடவில்லை.

"யாராவது... சாய்ச்சிருக்காங்களா?"

இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "ரெண்டு தடவை!" என்றார். "ரெண்டு தடவை சாய்ச்சது..."

அதற்குமேல் வரவில்லை. உதடு அசைந்தது. பலகையைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

வரிசை முழுக்கக் கேட்கும்படி நான் இவர் பெயரைச் சொன்னேன்.

"ஆமாம்மா, அவரேதான்," என்றார் இவர் அந்தப் பெண்ணிடம். "பெரிய ஆளு அவரு."